ஊர்ப் பெயரே சின்ன அரங்கம்தான்

“சிதம்பரத்துக்கு எதுக்குங்க தனியா ஒரு நாடக அரங்கம்? ஆடுற சாமியே இங்கதான இருக்காரு” என்று மேலவீதி டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஐயா, இந்த ஊரின் பெயரே சிற்றம்பலம் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். சிறிய அம்பலம். அதே கோயிலுக்குள் பேரம்பலம் என்றும் ஒன்று இருக்கிறது. ஆடுகிறவர் பெரியதை விட்டுவிட்டுச் சின்னதில்தான் நின்று ஆடுகிறார். அரங்கத்தைப் பற்றி நம் முன்னோர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்கு மறந்துபோய்விட்டது என்பதுதான் என் கட்சி.

கடலூர் மாவட்டத்தில் மேடைக்குப் பஞ்சமில்லை. மஞ்சக்குப்பத்தில் டவுன் ஹால் இருக்கிறது. கல்லூரிகளில் பெரிய கூடங்கள் இருக்கின்றன. 1981லிருந்து சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் விடிய விடியக் கூத்து நடக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. அறுபது பேர் உட்காரக்கூடிய, வாராவாரம் விளக்கெரிகிற, நாடகத்துக்கென்றே இருக்கிற ஓர் அறை.

“அறுபது பேருக்கா? அதுல என்ன பெருமை?” என்று கேட்பார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். மூன்று மாதம் ஒத்திகை, மொட்டை மாடியில். காசு திரட்டி ஒரு கல்யாண மண்டபத்தை ஒருநாள் வாடகைக்குப் பிடித்தோம். அறுநூறு நாற்காலி. வந்தவர்கள் எண்பது பேர். மறுநாள் ஊரெல்லாம் ஒரே பேச்சு: “கூட்டமே இல்லியாமே.” அதே எண்பது பேர் அறுபது நாற்காலி போட்ட ஓர் அறைக்கு வந்திருந்தால் இருபது பேர் நின்றுகொண்டு பார்த்திருப்பார்கள். “இடமே கிடைக்கலப்பா” என்பது ஊர்ப்பேச்சாக இருந்திருக்கும். நாடகம் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். தோற்றது நாங்கள் இல்லை, நாற்காலிக் கணக்கு.

அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. அந்த நாடகத்துக்கு இரண்டாவது காட்சியே இல்லை. முதல் காட்சியில் நடிகன் வசனத்தை மறக்காமல் இருக்கப் போராடுகிறான். ஐந்தாவது காட்சியில்தான் எதிரே நிற்பவன் பேசுவது அவன் காதில் விழுகிறது. பத்தாவதில்தான் நாடகம் என்று ஒன்று பிறக்கிறது. ஆயிரம் பேருக்கு ஒரே ராத்திரி காட்டுவதும், ஐம்பது ஐம்பது பேராக இருபது ராத்திரி காட்டுவதும் கூட்டலில் ஒன்றுதான். ஆனால் முன்னதில் நடிகன் ஒருமுறை பிழைக்கிறான், பின்னதில் இருபது முறை கற்கிறான். நம் ஊரில் நவீன நாடகம் வளரவில்லை என்று அங்கலாய்க்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரே ஒரு நாள் தண்ணீர் ஊற்றிவிட்டுச் செடி வளரவில்லை என்று யாராவது குறைப்படுவார்களா?

எங்கள் குழுவில் அருமையாக நடித்த ஒருவன் இன்று ரியல் எஸ்டேட் பார்க்கிறான். அதில் தப்பில்லை. பத்தாவது காட்சி கிடைத்திருந்தால் அவன் என்னவாகியிருப்பான் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

“ரசிகனே இல்லாத ஊர்ல அரங்கம் கட்டி என்ன பண்றது?” இது அடுத்த கேள்வி. கர்நாடகத்தில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம். சிவமொக்கா மாவட்டத்தில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. 1949ல் கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் அங்கே நீநாசம் தொடங்கினார்கள். 1980ல் நாடகப் பள்ளியே வந்துவிட்டது. 1985லிருந்து அவர்களுடைய ‘திருகாட்ட’ குழு கர்நாடகம் முழுக்கச் சுற்றுகிறது. அந்தக் கிராமத்தில் ரசிகர்கள் முளைத்து வரட்டும் என்று சுப்பண்ணா காத்திருக்கவில்லை. இடம் இருந்தது, தொடர்ந்து நாடகம் நடந்தது, ரசிகன் உருவானான். டில்லியில் ஜன நாட்டிய மஞ்ச் 2012ல் ஷாதி காம்பூர் என்ற நெருக்கடியான குடியிருப்புக்குள் ‘ஸ்டுடியோ சஃப்தர்’ என்ற சின்ன அரங்கைத் திறந்தது. வீதியையே மேடையாகக் கொண்ட குழு அது. அவர்களுக்கே ஒரு கூரை தேவைப்பட்டிருக்கிறது!

இதை வீதி நாடகத் தோழர்களுக்காகவும் சொல்கிறேன். கூரை வந்தால் நடுத்தர வர்க்கம் வந்துவிடும் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான். தெரிந்த நாலு பேர் நடித்து, தெரிந்த நாலு பேர் கைதட்டிக் கலைகிற மடமாகச் சின்ன அரங்கம் மாறிவிடுவது உண்டு. ஆனால் வீதியில் கத்தத்தான் முடியும், முணுமுணுக்க முடியாது. சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த தேவனாம்பட்டினத்துத் தாய் ஒருத்தி ஒன்றும் பேசாமல் வலை பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தை மைக் வைத்துக் காட்ட முடியுமா? சிப்காட் காற்றை மூக்கைப் பொத்திக்கொண்டு சுவாசிக்கும் குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டை? 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்த பலாத்தோப்பில் மறுநாள் காலை நிற்கிறவனின் முகத்தை? நாலடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயங்கள் இவை. புதுமைப்பித்தன் 1906ல் பிறந்த திருப்பாதிரிப்புலியூரும் ஜெயகாந்தன் 1934ல் பிறந்த மஞ்சக்குப்பமும் இருக்கிற மண்ணில் கதைக்கா பஞ்சம்?

ஒரு காலத்தில் போலீஸ் அனுமதி நாடகக்காரன் கழுத்தில் கயிறாக இருந்தது. 1954ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை எதிர்த்து பரீக்‌ஷா ஞாநி வழக்குப் போட்டார். 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் பூட்டு திறந்தாயிற்று. வாடகை என்ற பூட்டு அப்படியே தொங்குகிறது. மண்டப வாடகை கொடுக்க முடிந்தவன்தான் பேச முடியும் என்றால், போலீஸ்காரர் பார்த்த வேலையைக் கல்லாப்பெட்டி பார்க்கிறது, அவ்வளவுதான்.

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். நந்தன் உள்ளே போக முடியாமல் நின்ற ஊர் இது. இங்கே அந்தச் சொலவடைக்கு இரண்டு மடங்கு கனம். ஏற முடியாத அம்பலங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. ஏறக்கூடிய ஒன்று வேண்டும்.

அரசாங்கம் கோடி ரூபாயில் கட்டித் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டினால் கல்வெட்டுக்குத்தான் முதல் செலவு. மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலைக் கொட்டகை போதும், கடைவீதியில் காலியாக இருக்கும் ஒரு மாடி போதும். கறுப்புத் திரை, பத்து விளக்கு, அறுபது நாற்காலி. டிக்கெட் 100 ரூபாய் என்றால் நிறைந்த அரங்குக்கு 6,000. யாரும் பணக்காரர் ஆக முடியாது, ஆனால் மறுநாளும் விளக்கு எரியும். மூன்றே மூன்று விதிகள்: எந்த நாடகமும் பத்துக் காட்சிக்குக் குறையக் கூடாது. கூத்துக்காரர்களுக்குக் கூத்து இல்லாத மாதங்களில் பகல் முழுக்க அறை இலவசம். தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எதுவும் கிடையாது. மூன்றாவது விதி ஒன்றுக்காகவே நம் ஊரில் பாதிப் பேர் எதிர்ப்பார்கள் என்று தெரியும்.

டீக்கடைப் பெரியவரே, முதல் நாற்காலி உங்களுக்குத்தான். டிக்கெட் மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.