ஊர் சுத்தலாம் வாங்க: அருவிக்கு இருபது நிமிஷம் முன்னாடி...

இன்டர்னல் மார்க் எல்லாம் வந்தாச்சா? வரலைன்னா நிம்மதியா இருங்க. வந்திருந்தா அதை மறக்க ஒரு டூர் கதை சொல்றேன்.

கதை ஆரம்பிச்சது கப்பல்ல. சிங்கப்பூர்ல இருக்கிற எங்க பெரியம்மா பொண்ணு, வீட்டுக்காரர், குழந்தைங்களோட க்ரூஸ் போயிட்டு வந்து போட்டோவா அனுப்பித் தள்ளிட்டாங்க. கப்பல் மலேசியாவோட லங்காவித் தீவுல நின்னுச்சாம். அங்கே தெலாகா துஜுஹ்னு ஒரு அருவி. 'ஏழு கிணறு'ன்னு அர்த்தமாம். (நம்ம சென்னை ஏழுகிணறு இல்லீங்க!) நூத்துக்கணக்கான படிக்கட்டு ஏறணும். முன்னாடி ஒரு கைடு, பின்னாடி இவங்க. எல்லா போட்டோலயும் சிரிப்பு.

அப்பா தறிக்குழியில இருந்து எட்டி போனைப் பார்த்துட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, படிக்கட்டு கண்ணு முன்னாடியே இருக்கு. தண்ணி சத்தம் காதுல கேக்குது. இதுக்கு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயி காசு வேற குடுக்கணுமா?"

நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியல. "அதெல்லாம் ஃபாரின் ஸ்டைல்ப்பா"ன்னு சமாளிச்சேன். பதில் கிடைச்சது போன நவம்பர்ல.

எங்க வீடு காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் பக்கம். தெருவுக்குள்ளே வந்தாலே தறிச் சத்தம் கேக்கும். தீபாவளி ஆர்டர் முடியற வரைக்கும் வீட்ல யாரும் நிமிர முடியாது. அப்பா குழியில காலை விட்டு மிதிச்சுக்கிட்டே இருப்பார். அம்மா தார் சுத்துவாங்க. தீபாவளி முடிஞ்சதும் ஒரு வாரம் தறி ஓய்வு. "இந்தத் தடவை நாமளும் அருவிக்குப் போறோம்"னு நான் அறிவிச்சேன். ஸ்பான்சர்: என் ட்யூஷன் காசு!

கப்பலுக்கு வழியில்லை, ஏலகிரிக்கு பஸ் இருக்கே! வேலூர் வழியா பஸ் மாறிப் போனோம். மலைப்பாதையில 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் புலவர், வள்ளல்னு பேர் வெச்சிருக்காங்க. கபிலர் தாண்டி பாரி, பாரி தாண்டி ஓரின்னு தங்கச்சி சத்தமா படிச்சுக்கிட்டே வந்தா. அம்மா கண்ணை மூடிக்கிட்டு எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்தாங்க.

ஏலகிரி மலையில இருந்து காட்டு வழியா இறங்கினா ஜலகாம்பாறை அருவி. திருப்பத்தூர் பக்கமிருந்து ரோடு இருக்கு, வண்டியிலயே போயிடலாம். ஆனா எனக்கு நடந்து போகணும். போட்டோ வேணுமே! அனுமதி வாங்கிக்கிட்டு, உள்ளூர் அண்ணன் ஒருத்தரை வழிகாட்டியா பேசினோம். மலையிலயே பொறந்து வளர்ந்தவர்.

கிளம்பறதுக்கு முன்னாடி அவர் செஞ்ச முதல் காரியமே எனக்குப் பிடிக்கல. நான் ஹீரோ மாதிரி முன்னாடி நின்னேன். "தம்பி, நீங்க கடைசில வாங்க"ன்னுட்டார். அம்மாவைக் கூப்பிட்டுத் தனக்கு நேர் பின்னாடி நிக்க வெச்சார். "மூட்டு வலி இருக்குன்னீங்களேம்மா... நீங்க எவ்வளவு வேகமோ, அதான் எல்லாருக்கும் வேகம்." என்கிட்ட, "உங்களுக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது. அது உங்க பொறுப்பு"ன்னார்.

அப்புறம்தான் புரிஞ்சது. மெதுவா நடக்கிறவங்களைக் கடைசில விட்டா என்ன ஆகும்? முன்னாடி போனவங்க உக்காந்து மூச்சு வாங்கி ரெடியா இருப்பாங்க. இவங்க வந்து சேர்ந்ததும் "ஓகே, கிளம்பலாமா?"ன்னு எழுந்துடுவாங்க. ஓய்வு யாருக்கு வேணுமோ அவங்களுக்கு மட்டும் ஓய்வே இருக்காது. நம்ம காலேஜ் டூர்ல எத்தனை தடவை இதைப் பண்ணியிருக்கோம்! யோசிச்சுப் பாருங்க.

ஒன்றரை மணி நேரம் இறங்கினோம். அம்மா ஒரு தடவைகூட "முடியலப்பா"ன்னு சொல்லல. அருவிச் சத்தம் மெல்லிசா கேக்க ஆரம்பிச்சது. வழியில ஒரு ஓடை குறுக்கே வந்தது. கணுக்கால் அளவு தண்ணிதான். அந்தப் பக்கம் போய் இருபது நிமிஷம் நடந்தா அருவி.

அண்ணன் நின்னுட்டார். தண்ணியையே பார்த்தார். அப்புறம் மேலே மலையைப் பார்த்தார். எங்க தலைக்கு மேல வெயில். தூரத்துல மலை உச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது.

"காலையில நான் வந்து பார்த்தப்ப தண்ணி தெளிவா இருந்துது. இப்ப கலங்கி வருது. சருகு நிறைய அடிச்சிக்கிட்டு வருது பாருங்க. மேல மழை புடிச்சிருச்சு. திரும்பிடலாம்."

எனக்கு வந்ததே கோபம்! இருபது நிமிஷம் சார்! கணுக்கால் தண்ணி! காசு கொடுத்தது நான்! "அண்ணே, ஓடிப் போயி ஒரு போட்டோ எடுத்துட்டு ஓடி வந்துடறோம்"னேன்.

"போறது பெரிசில்ல தம்பி. அம்மா திரும்பி வர்றப்ப இந்தத் தண்ணி இப்படியே இருக்காது."

இங்கே கொஞ்சம் எஞ்சினியரிங். பயப்படாதீங்க, ரெண்டே வரி. ஓடுற தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா, அது நம்ம காலைத் தள்ளுற விசை நாலு மடங்காகும். வேகம் மூணு மடங்குன்னா விசை ஒன்பது. கூடவே ஆழமும் ஏறும், அடியில பாசி பிடிச்ச பாறை வேற. இதை நான் பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா ஓடைக்கரையில அது ஞாபகம் வந்தது அந்த அண்ணனுக்குத்தான். அவர் அதைப் படிக்கல, பார்த்திருக்கார்.

அருவியில இதுதான் ஆபத்து. நமக்கு மேல ஒரு சொட்டு மழை இருக்காது. மழை எங்கேயோ பெய்யும், தண்ணி மட்டும் திடீர்னு வரும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்துல அப்படித்தான் வெள்ளம் வந்தது. குளிச்சுக்கிட்டிருந்தவங்க அலறி ஓடினாங்க. 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போய் இறந்துட்டான். நம்ம தம்பி வயசு.

'கைடு இருந்தா போதுமா?'ன்னு கேக்கலாம். போதாது. 2019 டிசம்பர் 9-ம் தேதி நியூசிலாந்தோட வக்காரி எரிமலைத் தீவு திடீர்னு வெடிச்சது. அப்போ தீவுல 47 பேர். பலர் ஒரு க்ரூஸ் கப்பல்ல வந்து, அன்னிக்கு ஒரு நாள் சுத்திப் பார்க்க இறங்கினவங்க. கூட வழிகாட்டிகளும் இருந்தாங்க. 22 பேர் இறந்துட்டாங்க, அதுல ரெண்டு பேர் வழிகாட்டிகள். அதுக்கு மூணு வாரம் முன்னாடியே அந்த எரிமலைக்கான எச்சரிக்கை அளவை ஒரு படி உயர்த்தியிருந்தாங்க. ஆனாலும் டூர் நடந்தது. பின்னால சில சுற்றுலா நிறுவனங்கள் கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. கூட ஆள் வந்தா மட்டும் பத்தாது. 'இன்னிக்கு வேணாம்'னு சொல்ற உரிமை அவருக்கு இருக்கணும். சொன்னா நாம கேக்கணும்.

நம்ம ஊர்லயே பாடம் இருக்கு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவங்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபது பேருக்கும் மேல இறந்தாங்க. பலர் இளைஞர்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்குன்னு தமிழ்நாடு அரசு தனி விதிமுறை கொண்டு வந்தது. 2024 அக்டோபர்ல 40 பாதைகளோட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் ஆரம்பிச்சாங்க. ஆன்லைன்ல பதிவு பண்ணலாம். பயிற்சி எடுத்த உள்ளூர், பழங்குடி இளைஞர்கள்தான் கூட்டிட்டுப் போறாங்க.

சரி, ஓடைக்கரைக்கு வருவோம். நான் முறைச்சுக்கிட்டு நிக்கிறேன். தங்கச்சி அழுதுடுவா போல இருக்கா. அப்பா ஒண்ணும் பேசல. செருப்பைச் சரியா மாட்டிக்கிட்டு, வந்த வழியே திரும்பி நின்னுட்டார்.

"என்னப்பா நீங்களும்!"

"பாவுல ஒரு இழை அறுந்தது தெரிஞ்சா அங்கேயே நிறுத்திப் பிணைக்கணும். ஆர்டர் அவசரம், இன்னும் ரெண்டு விரக்கடைதானேன்னு நாடாவை ஓட்டினா, அந்தக் கோடு புடவை முழுக்க ஓடும்டா. தம்பிக்கு இந்த ஓடை தெரியும். நமக்குத் தெரியுமா? நட."

ஏறினோம். இப்பவும் அம்மாதான் முன்னாடி. கொண்டு போன புளியோதரையை பாதி வழியில ஒரு பாறை மேல உக்காந்து சாப்பிட்டோம். அண்ணனும் எங்களோடயே சாப்பிட்டார். மேலே வந்து சேர்ந்து அரை மணி நேரத்துல பளிச்னு மழை பிடிச்சது.

அந்த ஓடையில வெள்ளம் வந்துதா? தெரியாது! யாரும் போய்ப் பார்க்கல. ஒருவேளை முழங்கால் அளவுக்கு வந்து வடிஞ்சிருக்கலாம். நாங்க தாராளமா போட்டோ எடுத்துட்டே வந்திருக்கலாம். ராத்திரி பூரா இதையே யோசிச்சேன். அப்புறம் தோணுச்சு... சரியான நேரத்துல திரும்பினவங்களுக்கு ஆதாரம் கிடைக்கவே கிடைக்காது. ஒண்ணுமே நடக்காததுதான் அவங்களுக்குக் கிடைக்கிற ஒரே பரிசு. அதுக்கு யாரும் கைதட்ட மாட்டாங்க. என்னை மாதிரி ஒருத்தன் முறைக்கத்தான் செய்வான். தெரிஞ்சே அந்த அண்ணன் சொன்னார்.

கிளம்பறப்ப அப்பா பேசின காசை முழுசா கொடுத்தார். "அருவியைக் காட்டலையே ஐயா, பாதி போதும்"னார் அவர். அப்பா கேக்கல. மேல நூறு ரூபாய் சேர்த்து அவர் சட்டைப் பையில வெச்சார். சிங்கப்பூர் போட்டோவைப் பார்த்து அப்பா கேட்ட கேள்விக்கு, பதிலையும் அப்பாவே சொல்லிட்டார்!

அடுத்த தடவை கேங்கா கிளம்பறப்ப மூணு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மெதுவா நடக்கிற ஃப்ரெண்டை முன்னாடி விடுங்க. கடைசி ஆள் யாருன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. தண்ணி கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடிச்சுக்கிட்டு வந்தாலோ, சத்தம் மாறினாலோ செல்ஃபியை மறந்துட்டு மேட்டுக்கு ஏறுங்க.

அருவி? இன்னும் பார்க்கல. பொங்கல் முடிஞ்சு மழை நின்னதும் போகலாம்னு இருக்கோம். "அதே தம்பியைத்தான் கூப்பிடணும்"னு அம்மா இப்பவே சொல்லியாச்சு. நான்? வழக்கம்போல கடைசி ஆள்தான்!

அடுத்த வாரம் வேற ஊர்ல சந்திப்போம். டாட்டா!