கட்டிலை மறிப்பவர் யார்?

சொற்களுக்கும் வர்க்கச் சார்பு உண்டு. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஒரு சொல் இதற்குத் தக்க சான்றாகும். சிகிச்சை முடிந்த பின்னரும் வாட்டைவிட்டு வெளியேறாத முதியவர்களை அங்கே ‘கட்டிலை மறிப்போர்’ என்று அழைப்பர். வேண்டுமென்றே வழியை அடைத்துக் கிடக்கும் குற்றவாளி ஒருவனின் உருவமே இச்சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழுகிறது. ஆனால், உண்மையிற் கட்டிலை மறிப்பவர் யார்? எழுந்து செல்ல இடமில்லாத நோயாளரா? அன்றி, அவர் சென்று சேரவேண்டிய இடத்தை அமைக்காது விட்ட சமுதாயமா? இந்த வினாவை ஒதுக்கிவிட்டு, நோயாளரை எண்ணுவதிலேயே காலங்கழிக்கும் நிருவாக மனோபாவத்தையே நாம் இங்கு எதிர்க்கிறோம்.

எண்ணுவதில் அங்கே குறைவில்லை. 2010ஆம் ஆண்டு முதல் 2020ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, மாற்றம் தாமதமான நோயாளரின் தொகை மாதந்தோறும் வெளியிடப்பட்டது. பராமரிப்பு இல்லத்தில் இடமில்லை, வீட்டில் உதவிக்கு ஆளில்லை, பொதுப்பணம் அனுமதிக்கப்படவில்லை என ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு காரணம் குறிக்கப்பட்டது. ‘நோயாளரின் அல்லது குடும்பத்தின் விருப்பம்’ என்பதும் அக்காரணங்களுள் ஒன்று. கிடைப்பதோ ஊருக்கு வெகுதொலைவிலுள்ள ஓர் இல்லம் மட்டுமே. அதனை ஏற்கத் தயங்கிய மூதாட்டியின் பெயரிலேயே தாமதமும் எழுதப்பட்டது! 2020 மார்ச்சிற் கொள்ளைநோய் பரவியபோது புதிய முறை வந்தது. ஆஸ்பத்திரியில் தங்கியிருக்கத் தகுதியுண்டா என ஒவ்வொரு நோயாளரையும் நாளுக்கு இருமுறை ஆராயுமாறு பணிக்கப்பட்டது. விளைவு யாது? 2023 ஜனவரியில், தங்கவேண்டிய தேவை நீங்கியும் வெளியேற இயலாதோர் நாளொன்றுக்குச் சுமார் 14,000 பேராக இருந்தனர். அளவுகோல் நுண்மையாயிற்று, அளக்கப்பட்ட துன்பம் குறையவில்லை.

இத் துன்பத்தின் வேரை 1948இற் காணலாம். அவ்வாண்டு யூலை 5ஆம் தேதி அனியூரின் பெவனின் முயற்சியாற் பிறந்த தேசிய சுகாதார சேவை, பணமில்லாதவனுக்கும் வைத்தியத்தை உரிமையாக்கியது. மனிதகுலம் பெருமைப்படத்தக்க சாதனை அது. ஆனால் அதே நாளில் நடைமுறைக்கு வந்த தேசிய உதவிச் சட்டம், முதியோர் பராமரிப்பை உள்ளூராட்சி சபைகளிடம் விட்டது. அங்கே சொத்தைக் கணக்குப் பார்த்தே உதவி. இதயநோய்க்கு இலவசம், நினைவிழந்தவருக்கு உணவூட்டி உடுத்திவிடக் கட்டணம்! 2010இல் 23,250 பவுணாக நிர்ணயிக்கப்பட்ட சொத்தெல்லை, விலைவாசி ஏறிய அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு பென்னிகூட உயர்த்தப்படவில்லை. தனியே வாழ்ந்த முதியவர் நிரந்தரமாக இல்லம் புகுந்தால் அவர் வீட்டின் பெறுமதியும் கணக்கிற் சேரும். ஆகவே, வாட்டின் வாசலைக் கடக்கும் முதியவர் ஒரு கட்டிடத்திலிருந்து மற்றொரு கட்டிடத்துக்கு மட்டும் போவதில்லை. உரிமையின் உலகிலிருந்து சந்தையின் உலகுக்குப் போகிறார். அந்த எல்லைக்கோட்டிலேதான் அவர் தடுக்கி நிற்கிறார்.

சந்தையின் இலட்சணத்தையும் கண்டோம். பராமரிப்பு இல்லங்களிற் பெரும்பாலானவை தனியார் கைகளில் உள்ளன. கட்டிடங்களை விற்றுவிட்டு அவற்றையே வாடகைக்கு எடுத்து நடத்திய சதேர்ன் குரோஸ் என்னும் பெருங் கம்பனி 2011இற் சரிந்தது; சுமார் 31,000 முதியவர்கள் தம் தலைக்குமேற் கூரை நிலைக்குமா என்று கலங்கினர். அத்துறையின் ஊழியருக்கோ சொற்பக் கூலி. இதனால் 2022இல் 1,60,000க்கும் அதிகமான வேலைகள் ஆளின்றிக் கிடந்தன. அவ்வாண்டு பெப்ரவரியில் வெளிநாட்டுத் தொழிலாளருக்குத் திறக்கப்பட்ட கதவு, 2025 யூலையில் மீண்டும் அடைக்கப்பட்டது. கூலியை உயர்த்த மறுத்தவர்கள், குறைந்த கூலிக்கு வந்தவர்களையும் தடுத்தனர்.

“தாமதத்துக்கு அபராதம் விதித்தால் யாவும் சீர்ப்படும்” என்பார் உளர். 2003இல் இயற்றப்பட்ட சட்டம் அதையே செய்தது: ஒரு நோயாளருக்கு நாளொன்றுக்கு 100 பவுண், லண்டனிலும் தென்கிழக்கிலும் 120 பவுண். சுவீடன் 1992இற் செய்த சீர்திருத்தமே இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. ஆனால் சுவீடனில் நகரசபைகளிடம் பொறுப்பு மட்டும் ஒப்படைக்கப்படவில்லை. முதியோர் மருத்துவ இல்லங்களும், அவற்றின் ஊழியரும், நிதியும் சேர்த்தே ஒப்படைக்கப்பட்டன. இங்கிலாந்திலும் ஓரளவு பணம் ஒதுக்கப்பட்டது உண்மையே. எனினும் இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் இடையிலான சுவர் அப்படியே நின்றது. 2010இன் பின் உள்ளூராட்சி சபைகளின் நிதி வெட்டப்பட்டதும் தாமதங்கள் மீண்டும் பெருகின.

கணக்கெடுப்பே வீண் என்று நாம் வாதிடுகிறோமா? இல்லை. 1935இல் வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மார்ஜரி வாரன் என்னும் வைத்தியர், பழைய ஏழையர் விடுதியொன்றின் நூற்றுக்கணக்கான நோயாளரைப் பொறுப்பேற்றார். அவர்களோ மீளவழியில்லை எனக் கைவிடப்பட்டவர்கள். அவரும் ஒவ்வொருவராகப் பரிசோதித்து வகைப்படுத்தவே செய்தார். ஆனால் அவர் வகுத்தது வெளியேற்றுவதற்காக அன்று, குணப்படுத்துவதற்காக. படுக்கையே கதியெனக் கிடந்தோர் பலர் எழுந்து நடந்தனர், வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் என்ற துறையே அப்பணியிலிருந்து வளர்ந்தது. கணக்கு ஒன்றே, அது யாருக்காக எடுக்கப்படுகிறது என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

தேவையின்றிப் படுத்திருத்தல் முதியவரின் தசைவலுவைக் குன்றச்செய்யும் என்பதை வைத்தியர் அறிவர். நடந்து வந்தவர் நடக்கமுடியாதவராய்ப் போவதும் உண்டு. ஆதலின் விரைவாக வெளியேறுதல் நோயாளருக்கும் நலமே. ஆனால் “இவர் தயாரா?” என்று நாளுக்கு இருமுறை கேட்பவர்கள், “இவரை ஏற்க நாம் தயாரா?” என்று ஒருமுறையாவது கேட்டல் வேண்டும். பராமரிப்பும் வைத்தியத்தைப்போல் உரிமையாகும்வரை, பராமரிக்கும் தொழிலாளிக்கு நியாயமான ஊதியம் கிடைக்கும்வரை, எந்தப் பட்டியலும் ஒரு கட்டிலையேனும் விடுவிக்கப்போவதில்லை. இலவச வைத்தியத்தைத் தன் பெருமையாகக் கொண்டாடும் எந்நாட்டுக்கும், முதுமை பெருகிவரும் எமது நாட்டுக்கும், இது பாடமாகும். பாதி வழியில் நிறுத்தப்பட்ட உரிமை, ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிடுகிறது.