பகல் சுருங்கினால் உடல் கனலும்



குளிரெடுத்தால் நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு பறவை என்ன செய்யும்? ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள தன் உடலை இரவு முழுவதும் குளிரினின்று அது காத்தாக வேண்டும். உடல் சிறிதாகையால் வெப்பம் விரைவில் வெளியேறும். இருட்டில் இரை தேடவும் இயலாது. பகலில் உண்டு சேர்த்த கொழுப்பே இரவுக்கு விறகு. விடியுமுன் அது தீர்ந்துபோனால் பறவை விறைத்து மடியும்.

ஆகவே, குளிர் வந்தபின் ஆயத்தம் செய்வது காலங்கடந்த செயல். முன்கூட்டியே அறிவிப்பது யார்? பகலின் நீளமே!

கிழக்குச் சீனத்தின் வென்சோ நகரில் ஆய்வாளர்கள், பிடரியில் வெண்ணிறம் கொண்ட சீனக் கொண்டைக்குருவிகளை இரு பிரிவாக்கினர். இரண்டிற்கும் வெப்பநிலை ஒன்றே. விளக்கொளியால் ஒரு பிரிவுக்கு நெடும்பகலும் மற்றதற்குக் குறும்பகலும் அமைத்தனர். சில வாரங்களில் குறும்பகல் பறவைகள் மிகுதியாக உண்டு எடை கூடின. ஓய்ந்திருக்கும்போதே அவற்றின் உடல் அதிக வெப்பத்தை உண்டாக்கியது. கல்லீரலிலும் தசையிலும் உயிரணுக்களின் உலைக்களமாகிய மைட்டோகாண்டிரியாக்கள் முன்னிலும் முனைப்பாக உழைத்தன. குளிர் தீண்டாமலே குளிர்கால உடல் உருவாயிற்று!

இதற்கு மறுதலையான காட்சியொன்றும் உண்டு. 1920-களில் கனடாவின் எட்மண்டன் நகரில் வில்லியம் ரோவன் என்னும் விலங்கியலார், ஜங்கோ என்னும் சிறு பறவைகளைக் கடுங்குளிரில் திறந்தவெளிக் கூண்டில் வைத்து, மின்விளக்கால் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். உறைபனியிலும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் இளவேனிலில் போல் வளர்ந்தன. குளிரைவிட ஒளியையே பறவையின் உடல் நம்பியது.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. குளிர் ஓர் ஆண்டு முந்தும், ஓர் ஆண்டு பிந்தும். பகலின் கணக்கு மட்டும் பிசகுவதில்லை. ஆனால் இன்று புவி வெப்பமாகி வருவதால் பருவங்கள் நாள் மாறுகின்றன; மனிதன் ஏற்றிய விளக்கோ இரவையும் பகலாக்குகிறது. பறவையின் உடல் போடும் கணக்கு இதனால் பிழைபட இடமுண்டு.

நம் முற்றத்து மரத்திலும் இரவில் பறவைகள் அடைகின்றன. உறங்கப் போகுமுன் அங்கே வீணாக எரியும் விளக்கை அணைத்துவிடுவோமே! நமக்கு அது மின்சாரச் சிக்கனம், அவற்றுக்கோ நாட்காட்டி.