ஜூரி நாற்காலியும் பஞ்ச் கையெழுத்தும்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்த மறு வருஷமே, ஜூரியாக வரச்சொல்லிக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்துவிட்டது. லீவு வீணாகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு போனவன், திரும்பி வந்து போனில் அரை மணி நேரம் அந்தக் கட்டடத்தைப் பற்றியே பேசினான். 1888-ல் கட்டி முடித்த கருங்கல் கோட்டை, நடுவே முற்றம், வளைவு வளைவாகப் படிகள். "மாமா, அந்தப் படியில் ஏறும்போது நாமும் இந்த ஊர் ஆள்தான் என்று முதல் தடவையாகத் தோன்றியது" என்றான்.

அந்தப் பேச்சு என் மனதில் கிடந்தது. நாம் லோஹேகாவுக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று? விமானப்படை வேலையாக வந்து, ஓய்வு பெற்று, வீடு கட்டி, இங்கேயே பேரன் பேத்தி பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! இந்த ஊர்க் கோர்ட்டின் படியை எவராவது மிதித்திருக்கிறோமா? "நல்ல குடும்பத்தார் கோர்ட் வாசல் மிதிப்பதில்லை" என்பதைப் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறோம்.

போன மாதம் டெக்கான் குவீனில் பம்பாய் போய், வக்கீல் நண்பர் ஒருவர் துணையோடு உயர்நீதிமன்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். 1878-ல் முடிந்த கட்டடம். கூம்பிய ஜன்னல்களும் சுழல்படிகளும் தேவாலயமோ அரண்மனையோ என்று மயங்க வைக்கின்றன. உச்சியில் நீதிக்கும் கருணைக்கும் சிலைகள். ஒரு தூணில் தராசு பிடித்த குரங்கு, அதற்கு ஒரு கண் கட்டு! கூலித் தகராறில் தோற்ற ஒப்பந்தக்காரர் ஒருவர் கோபத்தில் செதுக்கி வைத்தார் என்று கதை சொல்கிறார்கள்.

ஆனால் நான் நின்றுவிட்ட இடம் மத்திய கோர்ட் அறையின் வாசல். அங்கே திலகரின் சொற்களைப் பொறித்த சலவைக்கல் இருக்கிறது. நம் புணேக்காரர், 'கேசரி' ஆசிரியர். 1908 ஜூலையில் ராஜத்துரோக வழக்கில் தாமே வாதாடினார். விசாரித்த நீதிபதி தாவர், 1897 வழக்கில் அவருக்கு ஜாமீன் வாங்கித்தந்த வக்கீல்! ஜூரியில் ஒன்பது பேர்: ஏழு ஐரோப்பியர், இரண்டு பார்சிகள். ஏழுக்கு இரண்டு என்று குற்றவாளி ஆனார். ஆறு வருஷம் மாண்டலே. அதே ஜூலையில்தான் திருநெல்வேலியில் வ.உ.சி.க்கும் இரட்டை ஆயுள் தண்டனை விழுந்தது.

என்னை உறுத்தியது வேறொன்று. குற்றமாகச் சொன்ன கட்டுரைகள் மராத்தியில் எழுதியவை. ஜூரிகள் தீர்ப்புச் சொன்னதோ இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வைத்து. இந்தச் சொல்லுக்கு அர்த்தம் அதுவல்ல என்று திலகர் மணிக்கணக்கில் விளக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஜூரி முறை போனதற்கு நான் அழவில்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஜூரி சொன்ன முடிவால் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் 1945-ல் ஆயுள் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் விடுதலை ஆனார்கள். பம்பாயில் 1959-ல் நானாவதியைக் குற்றமற்றவர் என்று எட்டுக்கு ஒன்று என ஜூரி சொல்ல, உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதுதான் கடைசி ஜூரி வழக்கு என்று சினிமாவில் சொல்வது சரியல்ல. வேறு சில இடங்களில் தொடர்ந்து, 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடுதான் அது முடிந்தது. இன்றும் பார்சிகளின் விவாகரத்து வழக்கில் மட்டும் அச்சமூகத்தார் ஐவர் நீதிபதியோடு அமர்கிறார்கள்.

சரி, ஜூரி போயிற்று. சாதாரண ஜனங்களுக்கு நீதியில் மிச்சமிருக்கும் இடம் எது? பஞ்ச்! போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போட்டால், அந்த வட்டாரத்து மரியாதைப்பட்ட இருவர் கூட நின்று பார்த்து, பஞ்சநாமாவில் கையெழுத்திட வேண்டும். எழுத்து மூலம் அழைத்தும் காரணமில்லாமல் மறுப்பது குற்றம். 2024 ஜூலை முதல் அமலான புதிய சட்டத்தில் சோதனையை வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தாலும் பஞ்ச் சாட்சி போய்விடவில்லை. நாம் நழுவிவிட்டால், போலீசுக்குப் பழக்கப்பட்ட அதே ஆட்களே எல்லா வழக்கிலும் பஞ்ச் ஆகிறார்கள். அதைக் கோர்ட் நம்புவதில்லை, கேஸ் விழுகிறது. அப்புறம் "இந்த நாட்டில் திருடனுக்கு ஏது தண்டனை" என்று நாமே நொந்துகொள்கிறோம்.

பிறரைச் சொல்வானேன்? நான்கு வருஷம் முன்பு எங்கள் கட்டடத்தில் ஒரு திருட்டு. பக்கத்துச் சந்தில் ஓர் அறையைச் சோதனை போட, என்னை வரச்சொல்லிக் கான்ஸ்டபிள் வந்தார். "எனக்கு மராத்தி வாசிக்க வராது, சாஹேப்" என்று கதவைச் சாத்திக்கொண்டேன். சொன்னது பொய்யல்ல. முப்பது வருஷமாகக் கடைத்தெரு மராத்தி பேசுகிறேன். எழுத்து ஹிந்தி எழுத்துதான். ஆனால் ஒரு பஞ்சநாமாவைப் படித்து இது நான் பார்த்ததுதானா என்று சொல்லத் தெரியாது. மொழி தெரியாத ஜூரிகள்மேல் கோபப்பட எனக்கென்ன யோக்கியதை?

அலைச்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன். சிவாஜிநகர் கோர்ட்டுக்குப் போனால் பாதி நாள் தேதி தள்ளிப்போகும், கேள்வி கேட்டுத் திணறடிப்பார்கள். தினக்கூலிக்காரர் பயப்படுவது நியாயம். பென்ஷன் வாங்கும் நமக்கு என்ன வந்தது?

நம் சங்கம் வருஷா வருஷம் பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் நன்றாகவே செலவு செய்கிறது. குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பும் நடக்கிறது. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே அறையில், பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் மராத்தி வாசிப்பு வைக்கலாம். நம் பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளியில் படிக்கிறார்கள் அல்லவா? பாடப் புத்தகம் வேண்டாம். மின்சார வாரிய நோட்டீஸ், சொத்து வரி ரசீது, ஒரு பழைய பஞ்சநாமா நகல் போதும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று எனக்குப் பதில் போனவர் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். சாட்சி சொல்ல சிவாஜிநகருக்கு இரண்டு நாள் வண்டியை மூடிவிட்டுப் போய்வந்தார். துணி தாமதமாயிற்று என்று அவரிடம் கடிந்து பேசியவர்களில் நானும் ஒருவன்.