போர்டு வாங்கியாச்சு, லேப்டாப்பும் மாத்தணுமா?

சாணார்பட்டியில பக்கத்து வீட்டுத் தம்பி ராஸ்பெர்ரி பை வாங்கியிருக்கான். "அண்ணே, இனி புது கம்ப்யூட்டரும் வாங்கணுமாமே?"ன்னு கேட்டான். கையில இருக்கிறது அவன் அக்கா பிளஸ் டூவுல வாங்கின அரசு லேப்டாப், 4 ஜிபி ரேம்.

வேண்டவே வேண்டாம்டா தம்பி, லினக்ஸ் போடு போதும்னேன்.

மக்களே, அர்டுயினோவுல விளக்கு மினுக்க விண்டோஸே போதும், சண்டையில்லை. ஆனா போர்டுக்குக் கெர்னலே கம்பைல் பண்ணணும்னா கதை வேற. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் மட்டுமே உள்ள கோப்புப் பெயர்கள் கெர்னல் மூலத்துல உண்டு. விண்டோஸ் வழக்கமா ரெண்டையும் ஒண்ணாத்தான் பார்க்கும். டபிள்யூஎஸ்எல் 2 இருக்கேம்பீங்க. இருக்கு, ஆனா ரேம் தின்னும். யுஎஸ்பியை உள்ளே கொண்டுபோகத் தனி மென்பொருள் வேணும்.

ராஸ்பெர்ரி பை ஓஎஸ் டெபியன் வழி வந்தது. மேசையிலயும் டெபியன்னா ஒரே கட்டளை ரெண்டு இடத்துலயும் செல்லும்.

லினக்ஸுலயும் முள் உண்டு. சீரியல் போர்ட் 'அனுமதி இல்லை'ன்னு முறைக்கும். பயனரை டயல்அவுட் குழுவுல சேர்த்து, லாக்அவுட் பண்ணி உள்ள வாங்க. பழைய லேப்டாப்புல கம்பைல் மெதுவாத்தான் ஆகும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்க :-)

2011-ல தொடங்கின அந்த லேப்டாப் திட்டத்துல, விண்டோஸோட சிடாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்ததுண்டு. அதுவும் டெபியன் வழிதான். நாமதான் திறந்து பார்க்கலை.

நீங்க என்ன சொல்றீங்க?