விலைச்சீட்டில் இல்லாத பெண்கள்

பழைய கிட்டார் விற்பனைக்கு என்று வரும் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். என்ன மரம், எந்த ஆண்டு, உள்ளே பொறித்த எண் என்ன என்று எல்லாம் விவரமாக இருக்கும். செய்தவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் இராது. கம்பெனியின் பெயரே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். போதாது என்பது நம் கட்சி.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஒரு நகரம். கிப்ஸன் கம்பெனியின் தொழிற்சாலை 1984 வரை அங்கேதான் இருந்தது. 1942இல் அக்கம்பெனி ஜே-45 என்னும் கிட்டாரை வெளியிட்டது. விலை 45 டாலர். பெயரிலேயே விலையும் சேர்ந்து வந்தது! அதன் தலைப்பகுதியில் பொன்னிற நாடா ஒன்று வரைந்திருக்கும். அந்த நாடாவைக் கண்டாலே இன்று விலை பல ஆயிரம் டாலருக்கு ஏறிவிடுகிறது.

அது உலகப் போர்க் காலம். ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட, அவ்வூர்ப் பெண்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். மரத்தை இழைத்ததும் ஒட்டியதும் தந்தி பூட்டியதும் அவர்களே. உலோகத் தட்டுப்பாட்டால் சில கிட்டார்களின் கழுத்துக்குள் வழக்கமான எஃகுக் கம்பிகூட வைக்கவில்லை. ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்போ சுமார் 70 கிலோ. அதைத் தாங்கிக்கொண்டு இத்தனை ஆண்டுகளாகப் பல கிட்டார்கள் இனிமையாக ஒலிக்கின்றன என்றால், ஒட்டிய கைகள் எப்படிப்பட்டவை!

ஆனால் போர்க் காலத்தில் தாங்கள் கிட்டாரே செய்யவில்லை என்பதுபோலக் கம்பெனி பிற்காலத்தில் சொல்லி வந்தது. ஜான் தாமஸ் என்னும் சட்டப் பேராசிரியர், தொழிற்சாலை வாசலில் பெண்கள் கூட்டமாக நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து, அவர்களில் உயிரோடிருந்த சிலரைத் தேடிப் பேசினார். 2012இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அந்தக் கிட்டார்களை எக்ஸ்ரேகூட எடுத்துப் பார்த்தாராம். (நம் விஞ்ஞான ஆசிரியைக்கு இது பிடிக்கும்.)

"நாதம் நன்றாக இருந்தால் போதாதா, பெயர் எதற்கு?" என்று தோழியர் சிலர் வாதாடினார்கள். நாதம் மட்டும் போதுமென்றால் அந்த நாடாவுக்கு ஏன் தனி விலை? நாடாவுக்கு விலை உண்டு, மரத்துக்கு விலை உண்டு, தேய்ந்த வர்ணத்துக்கும் விலை உண்டு. உழைத்த பெண்ணுக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை என்பது நமக்கு நியாயமாகப் படவில்லை. ஏறிய விலையில் ஒரு காசும் அவர்களைச் சேரப் போவதில்லை. எண்ணுக்குக் கீழே, "கலமசூப் பெண்கள் செய்தது" என்று விற்பவர் எழுதினால் அவருக்கு என்ன நஷ்டம்?

வாங்குபவரையும் நாம் விடுவதாக இல்லை. வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைப்பவருக்கு அதை விற்காமல் இருப்பதே மேல். வாசிப்பவர் வாங்கட்டும். அவரும் கழுத்து வளைந்திருக்கிறதா, பாலம் தூக்கியிருக்கிறதா, முன்பலகையில் வெடிப்பு உண்டா என்று பார்த்துவிட்டே பணத்தை எடுக்கட்டும்.