சேணம் ஏன் சரிகிறது?

"வயிற்று வாரை எவ்வளவு இறுக்கினாலும் சேணம் இடப்பக்கமே சரிகிறது. இதற்கு என்ன பரிகாரம்?" என்று நேயர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அவருடைய குமாரி மலைநகர் ஒன்றில் குதிரையேற்றம் பயில்கிறாளாம். அவளுக்குக் கிடைத்திருப்பது உருண்டு திரண்ட ஒரு மட்டக்குதிரை. ஒரு நாள் சேணத்தோடு அவளும் சரிந்து, விழாமல் தப்பியது பெரும் பாக்கியம் என்கிறார் தந்தை. "இன்னும் ஒரு துளை இறுக்கு" என்பதே இதுவரை அவளுக்குச் சொல்லப்பட்ட வைத்தியம்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். சேணம் சரியும்போது வாரை மட்டும் நோவதும் அத்தகையதே. குதிரை, சேணம், ஏறுபவர் ஆகிய மூவரில் யாரிடம் குறை இருக்கிறது என்று முதலில் காண வேண்டும்.

குதிரையின் பிடரி மயிர் முடியும் இடத்தில், இரு தோள்களுக்கும் நடுவே, முதுகு சற்று மேடிட்டிருக்கும். சேணம் பக்கவாட்டில் புரளாமல் தடுப்பது பெரும்பாலும் அந்த மேடுதான். மார்வாரிக் குதிரைக்கும் கத்தியவார்க் குதிரைக்கும் அம்மேடு எடுப்பாக இருக்கும். மலைநாட்டு மட்டக்குதிரைகள் பலவற்றுக்கோ அது தாழ்ந்து, விலாவும் பீப்பாயைப் போல் உருண்டிருக்கும். பீப்பாயின்மேல் பலகையை வைத்துக் கயிற்றால் எவ்வளவு இறுக்கினாலும், ஒரு பக்கம் பாரம் மிகுந்தால் பலகை புரளத்தானே செய்யும்?

அன்றியும், குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்கால்கள் உடலோடு தசைகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கத்துத் தோள் மற்றதைவிடப் பருத்திருந்தால், அது அடிதோறும் சேணத்தை மறுபக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மனிதரில் வலக்கையர், இடக்கையர் இருப்பதுபோல் குதிரைகளிலும் இரு பக்கமும் சமமாக அமைந்தவை அரிது.

இனி, சேணத்தைக் கவனிப்போம். அதைக் கவிழ்த்து வைத்துப் பின்புறமிருந்து பார்த்தால், அடியிலுள்ள இரு மெத்தைகளும் ஒரே கனமாக இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். உள்ளே திணித்த கம்பளி நாளடைவில் ஒரு பக்கம் அமுங்கிப் போவதுண்டு. உள்ளிருக்கும் சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சேணத்தை ஒதுக்கிவிட வேண்டியதுதான். சட்டம் குறுகலாயின் சேணம் முதுகைத் தழுவாமல் மேலே தூக்கி நின்று புரளும். மிக அகலமாயின் முன்புறம் அமுங்கி ஆடும். உருண்ட முதுகுக்கு அகன்ற சட்டமும், பரந்து படியும் தட்டையான மெத்தையும் வேண்டும். இதை அறியாமல் விரிப்பின்மேல் விரிப்பாக அடுக்குவோர் பலர். இறுகிய பாதரட்சைக்குள் இன்னும் ஒரு காலுறையைத் திணிப்பதால் நடை சுகப்படுமா?

ஏறுபவரின் பங்கும் சிறிதன்று. அங்கவடியின் இரு வார்களும் ஒரே நீளமா என்று கழற்றி அளந்து பார்க்க வேண்டும். எப்போதும் இடப்பக்கமே மிதித்து ஏறுவதால் இடப்பக்கத்து வார் நாளடைவில் நீண்டுவிடுவது சகஜம். தரையிலிருந்து எம்பி ஏறுவதைவிட, ஒரு மேடையிலிருந்து ஏறினால் சேணத்தை ஒரு பக்கமாக இழுக்க நேராது. வண்டியில் மூட்டை ஏற்றுகிறவன் பாரம் ஒரு பக்கம் சாயாமல் பார்த்து அடுக்குகிறான் அல்லவா? குதிரைமேல் உட்காருபவரே அங்கே மூட்டையும் மூட்டை அடுக்குபவரும் ஆகிறார்.

மூவரில் குற்றவாளி யார் என்பதைக் கண்டறிய எளிய பரீக்ஷை ஒன்று உண்டு. அதே குதிரையில், அதே சேணத்தில், நேராக உட்காரும் மற்றொருவரை ஏற்றிப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். சரிவு நின்றுவிட்டால் முன்பு ஏறியவரின் இருக்கையைத் திருத்த வேண்டும். நிற்காவிட்டால், நன்கு பொருந்தும் வேறு சேணத்தை வைத்துப் பார்க்கலாம். அப்போது நின்றால் குறை பழைய சேணத்தில். ஆளும் சேணமும் மாறியும் சரிவு மட்டும் மாறாவிடில், குதிரையின் உடம்பையே சோதிக்க வேண்டும்.

இங்கேதான் நேயரின் குமாரி முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் கிரீவ், டைசன் என்ற இரு கால்நடை மருத்துவர்கள் 128 குதிரைகளைச் சோதித்து, 2013-ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னங்கால் நொண்டலுள்ள 71 குதிரைகளில் 38-க்குச் சேணம் சரிந்தது. பெரும்பாலும் நொண்டும் காலின் பக்கமே சரிந்தது. மரத்துப்போகும் மருந்தால் அந்தக் கால்வலியை அகற்றியதும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சரிவு நின்றுவிட்டது. பின்னங்கால் நொண்டல் வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படுவதன்று. வாயில்லாப் பிராணி தன் வலியைச் சொல்ல வழியின்றிச் சேணத்தின் மூலமாகச் சொல்கிறது. அதற்கு விடையாக நாம் வாரை இறுக்கினால், வலியோடு மூச்சுத்திணறலையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஆகிறோம். ஆகையால், பரீக்ஷையில் குதிரைமேல் சந்தேகம் விழுந்தால் சவாரியை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைப்பதே முறை.

கால்களில் குறையில்லை, தோள் மட்டுமே ஒரு பக்கம் பருத்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், மெலிந்த தோளின் பக்கம் சேணத்தின் கீழ் மெல்லிய திண்டு ஒன்றை வைத்துச் சமப்படுத்தலாம். ஆடும் மேஜையின் குட்டைக் காலுக்கு அட்டை வைப்பது போன்ற யுக்திதான் இது. இரு பக்கமும் சமமாகப் பழக்கி, தசை வளர வளரத் திண்டைக் குறைக்க வேண்டும். வயிற்று வாரைச் சேணத்தின் முன்புறத்திலும் பின்புறத்திலுமாக இரு இடங்களில் மாட்டும் அமைப்பும் புரளுதலைக் குறைக்கும். மார்வார் சேணம் பின்னே வழுகாமலும், வாலடி வார் முன்னே வழுகாமலும் காக்குமேயன்றிப் பக்கவாட்டில் புரள்வதை அவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. வழுக்காத ரப்பர் விரிப்புச் சேணத்தைப் பிடித்து நிறுத்தலாம். ஆனால் காரணம் நீங்காதவரையில் தோல் இழுபட்டுப் புண்ணாகும்.

வார் இறுக்குவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. சில குதிரைகள் வார் கட்டும்போது உடலை இறுக்கி உப்பிக்கொள்ளும். மெள்ளக் கட்டி, சில நிமிஷம் நடத்தி, ஏறுமுன் மறுபடி பார்த்து இறுக்க வேண்டும். வாருக்கும் உடலுக்கும் நடுவே விரல்கள் சற்று அழுந்தியாவது நுழைய வேண்டும். வலிய இழுத்தாலன்றி நுழையாவிடில் இறுக்கம் மிதமிஞ்சிவிட்டது.

நேயரின் குமாரி இன்று செய்ய வேண்டியது சிறிய காரியமே: தோழி ஒருத்தியைக் குதிரைமேல் ஏற்றிவிட்டு, தான் பின்னால் நின்று நிதானமாகப் பார்க்கட்டும். அங்கே தெரிவதை ஆசிரியரிடம் மரியாதையாக, ஆனால் தயங்காமல் எடுத்துச் சொல்லட்டும். விழாமல் உட்காரக் கற்பது குதிரையேற்றத்தில் ஒரு பாதி. தன்னைச் சுமக்கும் பிராணி நோகாமல் நடக்கிறதா என்று பார்க்கக் கற்பது மற்றப் பாதி.